உடும்பு மந்திரியும் அக்கரைப் பட்டையும்

ஒரு காட்டில், அதாவது ஆற்றுக்குத் தென்கரையில் இருந்த பாதிக் காட்டில், தணிகாசலம் என்ற உடும்பு சுகாதார மந்திரியாகப் பதவியேற்றது. மீதிப் பாதி வடகரையில் இருந்தது. சிங்கமும் அங்கேதான் இருந்தது.

முன்பெல்லாம் இரு கரைகளையும் சிங்கமே ஆண்டது. தென்கரையில் ஒரு முயலுக்குச் சளி பிடித்தாலும் வடகரைக்குத்தான் மனுப் போக வேண்டும். தென்கரை விலங்குகள் பல வருஷம் கத்தின, ஊர்வலம் போயின, மரத்தில் ஏறிக் குதித்துவிடுவதாக மிரட்டின. ஏறத் தெரியாதவைதான் அதிகம் மிரட்டின. கடைசியில் சிங்கம் அலுத்துப்போய், உங்களை நீங்களே ஆண்டுகொள்ளுங்கள் என்று ஒரு சபையைக் கொடுத்தது. கூடவே சில துறைகளையும் கொடுத்தது. எந்தத் துறைகளால் கெட்ட பெயர் வருமோ அவையெல்லாம் தாராளமாகத் தென்கரைக்கு வந்தன. சுகாதாரம் முதலில் வந்தது.

தணிகாசலம் நல்ல பிராணி. வேலையென்றால் வேலைதான் என்று நம்புகிற வகை. பதவியேற்ற மாலை வாடுவதற்குள் ஆலமரத்தடி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தது. ஒரே ஒரு கொக்கு டாக்டர் ஒற்றைக் காலில் தூங்கிக்கொண்டிருந்தது. மற்ற டாக்டர்கள் எங்கே என்று விசாரித்தால், வடகரைக்கு மாற்றலாகிவிட்டார்கள் என்றார்கள். உடனே திருப்பி அழைக்கும்படி தணிகாசலம் உத்தரவு போட்டது.

துறையின் செயலாளர் ஞானசிகாமணி என்ற கீரி. வடகரையிலிருந்து அனுப்பப்பட்டது. அது உத்தரவைப் பணிவாக வாங்கி, பணிவாகவே மடித்து வைத்துவிட்டு, டாக்டர்களின் மாற்றல் வடகரை அதிகாரத்தில் வருகிறது என்று விளக்கியது. சரி, ஒழுகுகிற கூரையையாவது மாற்றலாம் என்றது உடும்பு. கூரை என்றால் ஓலை, ஓலை என்றால் மரம், மரம் வடகரையுடையது என்றது கீரி.

"அப்படியானால் நான் என்னதான் செய்யலாம்?"

"நோயாளிகளைப் பார்த்து ஆறுதல் சொல்லலாம் ஐயா. பழம் கொடுக்கலாம். கீழே விழுந்த பழம் நம் அதிகாரத்தில்தான் வருகிறது."

மழைக்காலம் வந்தது. குட்டிகளுக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் பரவியது. தொண்டை அடைத்துக்கொண்டால் எதையும் விழுங்க முடியாது. இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வடகரையில் நிற்கும் ஒரு கசப்பு மரத்தின் பட்டையை மென்று, அந்தச் சாற்றைத் தொண்டையில் விட்டால் வீக்கம் வடிந்துவிடும். அந்த மரம் தென்கரையில் ஒன்றுகூட இல்லை.

பூவாத்தாள் என்ற மந்தி மந்திரியைத் தேடி வந்தது. அதன் பிள்ளைக்கும் காய்ச்சல், தங்கை பிள்ளைக்கும் காய்ச்சல். அது அழவில்லை, கத்தவில்லை. நீங்கதானே மந்திரி, நீங்கதானே பார்க்கோணும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனது.

தணிகாசலம் முறைப்படி ஓடம் ஏறி வடகரைக்குப் போனது. சிங்கம் வேறு காட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தது. மூலிகைத் துறையில் ஒரு கரடி இருந்தது. அதன் குகை வாசலில் தேன் கேட்டு வந்தவை, சிபாரிசு கேட்டு வந்தவை, சும்மா வந்தவை என்று நீண்ட வரிசை. மந்திரியும் வரிசையில் நின்றது. முறை வந்ததும் கரடி நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டது.

"நோய் உங்களுடையது, மந்திரி அவர்களே. அதில் நாங்கள் தலையிட மாட்டோம்," என்றது கரடி. "ஆனால் மரம் எங்களுடையது."

மரம் வேண்டாம், பட்டையை மட்டும் உரித்துக் கொடுங்கள் என்று கேட்டது உடும்பு.

"உரித்துவிட்டால் அது மருந்து. மருந்து உங்கள் துறை. உங்கள் வேலையை நாங்கள் செய்தால் தென்கரையின் உரிமையைப் பறித்ததாகிவிடாதா?"

அப்படியானால் நாங்களே வந்து உரித்துக்கொள்கிறோம் என்றதற்கு, மரத்தைத் தொட்டால் திருட்டு என்று கரடி வருத்தத்தோடு சொன்னது. இதற்கெனக் கமிட்டி போட்டிருப்பதாகவும், கமிட்டி கூடியதும் சொல்லியனுப்புவதாகவும் வாக்களித்து, வாசல்வரை வந்து வழியனுப்பியது.

வெறுங்கையோடு திரும்பினால் கல்லடி விழும் என்று பயந்தபடிதான் தணிகாசலம் கரையிறங்கியது. விழுந்தது மாலை. தென்கரையே திரண்டு நின்று வடகரையைத் திட்டியது. நம் மந்திரியை வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள் என்று காட்டெருமைகள் கண்ணீர் விட்டன. கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. இவ்வளவு செல்வாக்கு இதுவரை எந்த மந்திரிக்கும் வந்ததில்லை என்று கீரி காதில் சொன்னது. தணிகாசலத்துக்கு அது பிடிக்காமல் இல்லை. கமிட்டி கூடட்டும் என்று அதுவும் காத்திருந்தது.

கமிட்டி கூடவில்லை. பூவாத்தாளின் தங்கை பிள்ளை செத்துப்போனது.

மந்திரி ஆறுதல் சொல்லப் போனது. கீரி ஒரு பழத்தைக் கையில் கொடுத்திருந்தது. தாய் அந்தப் பழத்தைப் பார்த்தது. பிறகு, காய்ச்சல் வந்ததிலிருந்து பிள்ளை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுங்கவில்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னது. தணிகாசலம் பழத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றது. பிறகு கீழே வைத்துவிட்டு நேராக ஆற்றுக்கு நடந்தது.

அது உடும்பு. நீந்தத் தெரியும், ஏறத் தெரியும், பிடித்தால் விடத் தெரியாது. உச்சி வெயிலில், கரடியின் காவலாட்கள் கண்ணயர்ந்திருந்தபோது அக்கரை ஏறி, மரத்தில் தொற்றி, பட்டையை உரித்து, வாயில் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. முதலில் பூவாத்தாளின் பிள்ளைக்குக் கொடுத்தது. மறுநாள் அந்தப் பிள்ளை பால் குடித்தது. தணிகாசலம் திரும்பத் திரும்ப ஆற்றைக் கடந்தது. வாயெல்லாம் புண்ணானது. காய்ச்சல் காட்டைவிட்டுப் போனது.

சில நாள் எல்லாரும் புகழ்ந்தார்கள். அப்புறம் மான்கள், எங்கள் குட்டிகளுக்கு ஏன் முதலில் தரவில்லை என்று கேட்டன. பட்டை கொண்டுவர முடிந்த மந்திரியால் டாக்டரைக் கொண்டுவர முடியாதா என்று பன்றிகள் கேட்டன. கொசுவுக்கு என்ன செய்தீர்கள், சேற்றுப்புண்ணுக்கு என்ன செய்தீர்கள் என்று வாசலில் கூட்டம் கூடியது. வடகரையை யாரும் திட்டுவதே இல்லை. சிங்கம் மட்டும் ஒரு பாராட்டுச் செய்தி அனுப்பியது. தென்கரை தன் காலில் நிற்பதால் கமிட்டியைக் கலைத்துவிட்டதாகவும், திருட்டைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டதாகவும் அதில் இருந்தது.

சபையில் தணிகாசலத்தின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. பலரும் மணிக்கணக்கில் பேசினார்கள். எதுவும் அதற்கு உறைக்கவில்லை. கடைசியில் பூவாத்தாள் வயிற்றில் பிள்ளை தொங்க எழுந்து நின்றது.

"எம் பிள்ள பொழச்சது உங்களாலதானுங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா நீந்தத் தெரிஞ்சிருந்தும் அன்னைக்கே ஏனுங்க போகல? எந்தங்கச்சி பிள்ள அப்ப உசுரோடதானுங்களே இருந்துச்சு."

முறை, விதி, கமிட்டி, கரடி என்று சொல்வதற்குத் தணிகாசலத்திடம் நிறைய இருந்தது. எல்லாம் உண்மையும்கூட. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றதும் அதுவும் தூக்கியது. அப்படித் தூக்குவது விதிப்படி செல்லாது என்று கீரி அந்தக் கையை மட்டும் எண்ணாமல் விட்டது. அதனால் பாதகம் ஒன்றுமில்லை. மற்ற கைகளே போதுமானதாக இருந்தன.

புது மந்திரியாக மகிழ்நன் என்ற மயில் வந்தது. அதற்கு நீந்தத் தெரியாது. அடுத்த மழைக்குக் காய்ச்சல் திரும்பி வந்தபோது அது ஆற்றங்கரையில் நின்று, தோகையை முழுக்க விரித்து, வடகரையைப் பார்த்துக் கதறியது. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். குட்டிகள் பல செத்தன. மயிலைக் குறைசொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

தணிகாசலம் மறுபடி ஆற்றில் இறங்கப் பார்த்தது. தென்கரைக் காவலர்களே அதைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். காவல் துறை வேண்டும் என்று மயில் கேட்ட அன்றே வடகரை கொடுத்துவிட்டிருந்தது.

மந்திரியாக விரும்புகிறவர்களுக்கு மட்டும் நீதி: கை கட்டப்பட்டு நிற்பவனுக்கு மாலை விழும், கட்டை அவிழ்த்துக்கொண்டவனிடம் நேற்றே ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்பார்கள். ஆகவே, நீச்சல் தெரிந்தால் வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள். அழத் தெரிந்தால் போதும்.