ரிப்பன் கட்டிய வடிகட்டி

மனித நாகரிகம் இரண்டு முறை உச்சத்தைத் தொட்டது. முதலில், மனிதன் நெருப்பைக் கண்டபோது. அடுத்து, மலேசியாவின் மெர்லிமாவ் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் செயலவை, தண்ணீர் வடிகட்டிக்கு ரிப்பன் கட்டியபோது.

அந்தச் செயலவையின் செயலாளர் நான். தற்பெருமை கூடாது. ஆனால் முடிச்சு என்னுடையது.

வடிகட்டியை வழங்கியவர் எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், அதாவது ஒய்பி. வழங்கியவரே திறப்பதுதான் முறை. அவருக்குத் தேதி அமையவில்லை. ஆகவே வடிகட்டி பொது மண்டபத்தில், குழாயில் பொருத்தியபடி, பிளாஸ்டிக் உறை கலையாமல் காத்திருந்தது. அதே மண்டபத்தில் நடக்கும் பாலர் பள்ளியின் பிள்ளைகளும், பழைய தொட்டித் தண்ணீரைக் குடித்தபடி காத்திருந்தார்கள்.

தொட்டிக்கு நீர் ஓடையிலிருந்து வருகிறது. ஓடைக்கு மேல்புறம் கழிவறைகள். 'இயற்கையோடு இயைந்த' ஏற்பாடு. செயலவையினர் மட்டும் அந்த நீரைத் தொடுவதில்லை. பொதுச் சொத்தைப் பதவியிலிருப்பவர்கள் அனுபவிக்கக் கூடாது என்பதால், பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டோம்.

முதலில் கவிநேசனுக்கு வயிறு கெட்டது. ஐந்து வயது. அவன் தாய் தேவமலர், செம்பனை நாற்றுப்பண்ணையில் வேலை செய்பவர், கிளினிக்கிலிருந்து நேராகக் கூட்டத்துக்கு வந்தார்.

"சிலுவாரு இடுப்புல நிக்க மாட்டேங்குது அண்ணே, அப்படி எளைச்சிட்டான். வயித்துல பூச்சியாம். கண்ணுக்குத் தெரியாதாம். ஒருத்தர் வயித்துலேருந்து வெளியாகி, தண்ணியில கலந்து, இன்னொருத்தர் வாய்க்குள்ள போவுதாம். பள்ளியில வெட்டிக் குடுக்கிற வெள்ளரிக்காயும் அந்தத் தண்ணியிலதானே கழுவுறாங்க?"

தலைவர் சாமுவேல் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு பெர்மிட் குடுத்து அது உள்ள வருது?"

"மருந்து குடுத்தாச்சு. அதே தண்ணியக் குடிச்சா திரும்ப வரும்னு டாக்டர் சொல்றாரு. பில்டரைத் தொறந்து விடுங்கலா."

"தொறப்போம் தங்கச்சி. ஒய்பி கையால."

"அதுவரைக்கும் பள்ளியில தண்ணியக் காய்ச்சியாச்சும் குடுங்க."

பொருளாளர் காளிதாஸ் பதறிவிட்டார். "பில்டர் வந்தப்புறம் தண்ணி காய்ச்சினா ஒய்பி என்னம்மா நெனைப்பாரு? அவரு குடுத்த சாமானை நாம நம்பலன்னு ஆயிடாதா?"

இந்த நுட்பம் எங்களுக்குத் தோன்றவேயில்லை. மண்டபத்தில் தண்ணீர் காய்ச்சுவது ஒருமனதாகத் தடை செய்யப்பட்டது.

"அப்ப எம்புள்ள?"

"அவனுக்காகத்தாம்மா விழாவே," என்றேன். கூட்டக் குறிப்பிலும் அதை எழுதிக்கொண்டேன்.

தேவமலர் காய்ச்சிய நீரை மகனிடம் கொடுத்தனுப்பினார். பிள்ளைகளிடையே 'ஏற்றத்தாழ்வு' கூடாதென்று ஆசிரியை மலர்விழியிடம் சொல்லி அதை வாங்கி வைத்தோம். அடுத்த நாள் தேவமலரே வந்தார். கையில் மீன் வெட்டும் கத்தி. ரிப்பனையும் உறையையும் அறுத்துக் குழாயைத் திறந்துவிட்டார். தெளிந்த நீர் வந்தது. பிள்ளைகள் முண்டியடித்துக் குடித்தார்கள்.

உடனே அவசரக் கூட்டம். வடிகட்டியைப் பூட்டினோம். புது ரிப்பன் வாங்கினோம். அறுந்த ரிப்பனை ஒட்டுப்போட்டு ஒய்பி முன் நீட்டும் அளவுக்கு நாங்கள் தரம் தாழ்ந்துவிடவில்லை.

ஒருவழியாகத் தேதி அமைந்தது. கூடாரம், மாலை, உறுமி மேளம், பிரியாணி. ஒய்பி ரிப்பனை வெட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் குவளையில் நீர் பிடித்தார்.

"மொத கிளாஸ் ஒரு பிள்ளைக்குக் குடுப்போம். போட்டோ நல்லா இருக்கும்."

பாலர் பள்ளிக்கு ஒதுக்கிய முன்வரிசை காலியாக இருந்தது.

"பிள்ளைங்க எங்க?"

"வார்டுல, ஒய்பி," என்றார் மலர்விழி. "எல்லாருக்கும் அதே வயித்துப்போக்கு. கவிநேசனுக்கு டிரிப் ஏத்த நரம்பே கெடைக்கலயாம். தேடிக்கிட்டு இருக்காங்க."

ஒய்பியின் கையில் குவளை அப்படியே நின்றது. நல்லவேளை, மைக் என்னிடம் இருந்தது. குவளையை வாங்கி, பிள்ளைகள் சார்பில் நானே குடித்தேன். படம் எடுத்தார்கள். பிறகு நன்றியுரையில் பெற்றோரை மனதாரப் பாராட்டினேன்:

"இந்த மண்டபத்தில் எத்தனையோ விழாக்கள் நடந்திருக்கின்றன. ஒரு பிள்ளைகூட அழாமல் நடந்தது இது ஒன்றுதான்."