மொட்டைப் பனைக்கும் ஓலைப் பனைக்கும் நடுவே

சதுரங்கப்பட்டினம்
12-8-1956

அன்புள்ள ஜஹனாரா அக்காவுக்கு, தங்கை ஷரீபுன்னிசா எழுதும் ஸலாம்.

சம்பூர்ணத்தின் பாவாடை ஓரத்தில் செயின் கிரீஸ் பட்டிருக்கிறது. அதைத்தான் முதலில் பார்த்தேன், மற்றதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. இங்கே அத்தா, அம்மா, கடையில் வாடகைக்கு விடும் எட்டு சைக்கிள், ஆடு எல்லாம் சுகம். கோவளத்தில் நீயும் மச்சானும், பிறந்து மூன்று மாதமாகியும் நான் இன்னும் முகம் பார்க்காத குட்டி முனீரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். என் சுகத்தைக் கேட்காதே.

அந்த எட்டாவது சைக்கிள் போன மாதம் வந்த லேடீஸ் சைக்கிள். குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிளை என்னை விட்டால் யாருக்காக அத்தா வாங்குவார் என்று இரண்டு நாள் அதன் மணியைத் துடைத்துத் துடைத்து வைத்தேன், மூன்றாம் நாள் பார்த்தால் அதன்மேல் எதிர்வீட்டுக் கண்ணாயிரம் மாமா மகள் சம்பூர்ணம், பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் நம் அத்தா! "நேரா பாரும்மா, கீய பாக்காத" என்று அப்படி ஒரு பரிவு. எனக்கு ஒருநாள் பம்பு அடிக்கக்கூடக் கொடுத்ததில்லை. கேட்டால், "அது இஸ்கூலு போற பொண்ணு, நீ வூட்டோட கீறவ" என்றார். பள்ளிக்கூடத்தை விட்டு என்னை நிறுத்தியது யாராம்?

அதோடு போகட்டும் என்றால் இந்தப் பாதை. கால்வாய்க்கரை, சவுக்குத்தோப்புத் தடம், ஏரிக்கரை என்று துண்டு துண்டாகக் கிடந்ததையெல்லாம் அகலப்படுத்தி, இங்கிருந்து மாமல்லபுரம் வழியாகக் கோவளம் வரை சைக்கிள் போக இரண்டு ஊர் ஆட்களும் இரு முனையிலிருந்தும் வெட்டி ஒன்றாகச் சேர்க்கிறார்கள், உங்கள் பக்கத்து ஆட்களுக்கு மச்சான்தானே தலைவர், உனக்குத் தெரியாததா. செங்கற்பட்டைச் சுற்றி பஸ் மாறி மாறி ஒரு பகல் முழுக்க வரும் வழி, இனி காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்கு உன் வீடு. நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் சம்பூர்ணம் சொல்கிறாள்: "பாதை சேந்ததும் மொதல்ல உங்க அக்கா வூட்டுக்குத்தான் போவப் போறேன். கொழந்தைய மடியில வெச்சிகினு, 'நான்தான்டா உன் சின்னம்மா'ன்னு சொல்லிட்டு வரேன் பாரு!" முனீர் பச்சைக் குழந்தை அக்கா, நம்பிவிடுவான்.

நல்லவேளை, நம் ஊர் ஆட்களும் உங்கள் ஆட்களும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு கூட்டமும் நெம்மேலிப் பக்கத்து ஒற்றைப் பனையில் வந்து சேருவது என்று பேச்சு. அங்கே போன பிறகுதான் பனை இரண்டு என்று தெரிந்திருக்கிறது. நம்மவர்கள் தெற்கே ஓலைப் பனையோடு மண்வெட்டியைக் கீழே போட்டார்கள், மச்சான் கூட்டம் வடக்கே புயலில் தலை போன பனையோடு நின்றுவிட்டது. நடுவே இரண்டு பர்லாங்கு சப்பாத்திக்கள்ளி, அதை யார் வெட்டுவது என்று வழக்கு. நம் கடையில் பஞ்சாயத்து, நான் கதவுக்குப் பின்னால். "தலையில்லாத பனை இன்னா பனை? அது கம்பம்யா!" என்றார் கண்ணாயிரம் மாமா. கோவளத்திலிருந்து வந்தவர் விடவில்லை: "அப்ப மொட்ட போட்டவன் மனுசன் இல்லியா?" கண்ணாயிரம் மாமா போன வாரம்தான் திருப்போரூரில் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் அத்தோடு கலைந்தது.

ஆகவே அக்கா, மச்சானிடம் சொல், ஓர் அடிகூட விட்டுக்கொடுக்க வேண்டாம். மொட்டைப் பனைதான் பனை. ஐப்பசி மழை வந்தால் போட்ட பாதையும் கரைந்துபோகும். குழந்தையை வேறு யார் மடியிலும் வைக்காதே.

உன் வீட்டில் பால் பொங்கி, பிள்ளை சிரித்து, எல்லாம் நிறைவாக இருக்கட்டும்.

உன் ஒரே தங்கை,
ஷரீபுன்னிசா

பி.கு.: மேலே எழுதியதை மச்சானிடம் சொல்லாதே. அன்று இதை எழுதி முடித்துக் கடிதத்தை ஒட்டப் போகும்போது சம்பூர்ணம் சைக்கிளைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். "இன்னாடி மொறைக்கிற? ஏறு. நான் ஒண்டியா அவ்ளோ தூரம் போவ மாட்டேன், பயமாக்கீது" என்றாள். கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, அன்றிலிருந்து நான்கு நாளாக ஏறுகிறேன். இரண்டு முறை ஆட்டின்மேல் விழுந்தேன், ஆடு சுகம். நேற்று அத்தா பார்த்துவிட்டார். ஸ்பேனரை எடுத்துவந்து, சீட்டை என் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போனார். ஓலைப் பனையோ மொட்டைப் பனையோ, சீக்கிரம் வெட்டச் சொல். என் பாவாடையிலும் கிரீஸ் இருக்கிறது. அதை மாற்றாமலே, இந்தக் கடிதத்தைத் தபால்பெட்டி வரை நானே மிதித்துக்கொண்டு போகிறேன்.