டிவியில இருந்த பெரியவருக்குச் சுத்திப் போட்டேன்

ஃபுட்பால் பாக்கறவங்கிட்ட மட்டும் நியாயம் பேசக் கூடாதுங்க. நேத்து தோள்ல தூக்கி வெச்சி ஆடின ஆளையே, இன்னிக்கி ரெண்டு பந்து வெளிய போச்சின்னா கெழவன்னுடுவான். எங்க வூட்லயே அப்டி ஒருத்தன் இருக்கான். எம் மவன் சேகரு. (நான் பெத்ததுதான், மாத்த முடியாது.)

அந்த வருசம் உலகக் கோப்பை. டிவி பெருசுன்னு செலியமேட்டுல எங்க தெருவே எங்க வூட்டு ஹால்லதான் கெடக்கும். சேகரும் எதிர் வூட்டு அந்தோணியும் ஒரு வெளிநாட்டு டீமுக்கு உசுர வுடுவானுங்க. அந்த டீமு கேப்டனுக்கு நாப்பது வயசு ஆவப் போவுது. பேரு என் வாயில நுழையல, அதனால பெரியவருன்னு வெச்சிருந்தேன். (எம் மவனை வுட சின்னவன்தான். கேப்டனாச்சே, மரியாதி வேணாமா?)

"கோலே வர மாட்டேங்குது, ஃபார்மு போச்சி. அந்தாள ஒக்கார வெச்சிட்டு சின்னப் பசங்கள எறக்கணும்"ன்னான் சேகரு.

"அவரு சொம்மா நின்னாலே எதிராளி ரெண்டு பேரு அவரையே சுத்துறான். மத்தவனுக்கு வழி கெடைக்குதில்ல?"ன்னேன்.

"அம்மா சொல்றது கரெக்டு மச்சான்"ன்னான் அந்தோணி.

சேகரு என்னை மொறைச்சான். "உனுக்கு ஏன் அவரு மேல இவ்ளோ அக்கறைன்னு தெரியும்மா. அவரு ஒக்காந்தா நீயும் ஒக்காரணும்ல?"

அங்கதான் வலிச்சிது. நவரைப் பட்டத்து நெல்லு நடவு ஆரம்பிச்சிருந்த நேரம். எங்க நடவு செட்டுக்கு நான்தான் முன்னால நிப்பேன். நான் சேத்துல கால வெச்சாதான் மத்தவளுங்க எறங்குவாளுங்க. "அறுவத்தேழு வயசுல இன்னா நடவு? ஊரு என்னைத்தான் ஏசுது"ன்னு இவன் தெனம் ஓதிக்கினு இருந்தான்.

"சரிடா. இன்னிக்கி பெரியவரு கோலு அடிச்சா நான் நடவுக்குப் போவேன், நீ வாயத் தொறக்கக் கூடாது. அடிக்கலன்னா வூட்டோட கெடக்கறேன்."

"அந்தோணி, நீதான் சாட்சி!"ன்னு குதிச்சான் எம் மவன்.

ஆட்டம் ஆரம்பிச்சிது. பெரியவரு ஒரு பந்தை வானத்துக்கு அனுப்பினாரு. இன்னொண்ண எதிராளிக்கே தானம் குடுத்தாரு. அப்பறம் வழுக்கி வுழுந்தாரு.

"இன்னாம்மா, நாளைக்கி சீரியல் எத்தினி மணிக்கு?"ன்னான் சேகரு.

எனுக்குப் பட்டுன்னு புரிஞ்சிது. இது ஃபார்மு இல்ல, கண்ணு பட்டிருக்கு! ஒலகமே குந்திக்கினு ஒருத்தன் காலையே பாத்தா இன்னா ஆவும்? வெள்ளிக்கெழம வேற, சாம்பிராணி போட்ட தூபக்கால்ல நெருப்பு தயாரா இருந்திது. உப்பு, கடுகு, காஞ்ச மொளகா எடுத்தேன். மொளகா மூணு போதும். ஆனா ஆளு இருக்கறது எந்த தேசமோ, மூணு மொளகா அவ்ளோ தூரம் எட்டுமா? ஒரு கை அள்ளிக்கினேன்.

டிவி முன்னால போயி நின்னா அவரு மூஞ்சி வரவே மாட்டேங்குது. வந்தப்ப ஒரு சுத்து. ரெண்டாவது சுத்து பாதி அவருக்கு, பாதி கோல்கீப்பருக்கு. மூணாவது சுத்து முழுசா ரெஃப்ரிக்குப் போயிடுச்சி. "மறைக்காதம்மா!"ன்னு ஹாலே கத்துது. அப்டியே எல்லாத்தையும் நெருப்புல கொட்டினேன்.

வெளிய மழ. சன்னல் கதவெல்லாம் சாத்திக் கெடக்கு. அந்த யோசன எனுக்கு இல்ல.

மொதல்ல அந்தோணி இருமினான். அப்பறம் மொத்த ஹாலும் இருமிச்சி. அடுத்தவன் செருப்ப மாட்டிக்கினு மழையில ஓடினானுங்க. எம் மருமவ கலா முந்தானையால மூஞ்சப் பொத்திக்கினு வாசல்லேர்ந்து கேட்டா: "அத்த, கண்ணு பட்டிருந்தா மொளகா நெடி வராதுன்னு நீங்கதான சொல்லுவீங்க? இங்க தெருவே இருமுது!"

தெருவு இருமிக்கினே சிரிச்சிது. "மொளகாவே சொல்லிடுச்சி பாத்தியா?"ன்னு சேகரு கத்தினான். "கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. வயசுதான்!"

மானம் போச்சி. உள்ள நான் ஒருத்திதான் நின்னேன். வெறவு அடுப்பு ஊதி ஊதி மரத்துப் போன மூஞ்சி, பொகை என்னை ஒண்ணும் பண்ணல. ஆனா கண்ணுல தண்ணி கொட்டுது, நெடியாலயா வெக்கத்தாலயான்னு தெரியல. அந்தத் தண்ணி வழியா டிவியப் பாத்தேன். ஓரத்துலேர்ந்து ஒரு பந்து வந்திது. பெரியவரு எழும்பினாரு பாருங்க! ஆட்டுக்கடா கணக்கா மண்டையால ஒரு முட்டு. வலை கிழியாத கொறைதான்.

"கோலு! கோலு!"ன்னு நான் போட்ட கூச்சல்ல கட்டியிருந்த மாடு அவுத்துக்கினுச்சி.

"பொய் சொல்லாதம்மா"ன்னு சேகரு மூக்கப் புடிச்சிக்கினு உள்ள வந்தான். டிவிக்காரன் மறுபடி மறுபடி அதையே காட்டினான். அந்தோணி மழையில நின்னு சன்னலத் தள்ளிப் பாத்துட்டு அங்கயே ஆடினான்.

"அடிக்கிற நேரமாப் பாத்து எங்கள வெளிய வெரட்டிட்டியேம்மா!"ன்னு சேகருக்கு அழுகையே வந்துடுச்சி.

"அதுக்குத்தான்டா வெரட்டினேன். நெடி வரலன்னா கண்ணு அவரு மேல இருக்குன்னு அர்த்தம். வந்துச்சின்னா, கண்ணு வெச்சவனுங்க இந்த ஹால்லதான் குந்தியிருக்கானுங்கன்னு அர்த்தம். நீங்க வெளிய போனீங்க, அவரு அடிச்சாரு." (அந்த ரெண்டாவது அர்த்தத்த அந்த நிமிசந்தான் உண்டாக்கினேன்.)

மறுநாள் விடிஞ்சதும் அவனே வண்டியில கொண்டாந்து வரப்புல எறக்கி வுட்டான். வாயத் தொறக்கல. நான்தான் மொதல்ல சேத்துல எறங்கினேன். சாயங்காலம் இடுப்பு கழண்டு கையில வந்திடும் போல இருந்திது. யாருகிட்டயும் மூச்சு வுடல.

அதுலேர்ந்து எங்க வூட்ல யாருனா வயசப் பத்திப் பேச்செடுத்தா பதிலு பேச மாட்டாங்க, எல்லாரும் சேந்து இருமுவாங்க. போன வாரம் சேகரு வாசல்ல குந்திக்கினு, "முட்டி வலிக்குதுடா அந்தோணி, இனிமே நம்மால கிரவுண்டுல ஓட முடியாது"ன்னு சொல்லிக்கினு இருந்தான்.

சமையக்கட்டுலேர்ந்து வந்த மொத இருமல் கலாவோடது.