வட்டத்துக்கும் ஒரு மேல்பக்கம்

"வட்டமா போட்டாலும் மேல ஒண்ணு வருமே சார்?" என்றார் மூன்றாம் மாடி டீச்சர்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர், பண்டிகைப் பெயர்களை வட்டமாக எழுதிய அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் ஏதோ ஒரு பண்டிகை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த வருஷம் மூன்று மதத்துப் பண்டிகைகளும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. இருப்பதோ ஒரே கூடம். 'அனைவரையும் ஒரே பந்தியில் அமர்த்துவேன்; தவறினால் பதவி துறப்பேன்' என்று நோட்டீஸ் போர்டில் கையெழுத்திட்டு ஒட்டியிருந்தார். பதினோரு வருஷப் பதவி. வீட்டில் அவர் பேச்சு எடுபடாததால், அவருக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

"எந்தப் பேரும் வேண்டாம். வெறும் 'விழா'ன்னு போட்டுடறேன்."

மறுநாள் மூன்று தரப்பும் வாசலில் நின்றன. "எங்க பண்டிகையை ஏன் சார் தூக்கினீங்க?"

சாப்பாட்டிலாவது சரிக்கட்டலாம் என்று பார்த்தார். இவருக்கு ஆகாதது, அவர் தொடாதது என்று அடித்துக்கொண்டே வந்ததில், பட்டியலில் மிஞ்சியது வாழைப்பழமும் தண்ணீரும்.

"அன்னிக்கு எங்களுக்கு விரதம். தண்ணியும் கூடாது" என்றார் முதல் மாடி டாக்டர்.

பாட்டுக்கும் ஆட்சேபம் வந்தது. பாட்டை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் ஒற்றுமையைப் பற்றித் தாமே ஒன்றரை மணி நேரம் பேசுவதாக அறிவித்தார். அன்று மாலையே அவரை நீக்கக் கையெழுத்து வேட்டை தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அவசரக் கூட்டம். செயலாளரை வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவர் மனைவி பலகாரத் தட்டோடு வந்தார்.

"எனக்கா?"

"உள்ள கொண்டு போறேன். அவங்கவங்க வீட்டுல செஞ்சது கொண்டு வந்திருக்காங்க. நான் மட்டும் வெறுங்கையை வீசிட்டுப் போறதா?"

"நீயுமா எனக்கு எதிரா?"

"உங்களோட குடும்பம் நடத்தறவ நான். எனக்கு இல்லாத உரிமையா?"

கதவு இடுக்கில் பார்த்தார். டாக்டர் டீச்சருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார். எந்த மாடிப் பிள்ளை எந்த மடியில் என்றே தெரியவில்லை. "அந்த ஒன்றரை மணி நேரப் பேச்சுக் கதையைச் சொல்லுங்க!" என்று யாரோ கத்த, சிரிப்பில் கூடமே அதிர்ந்தது.

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதி வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை மடித்தார்.

வாட்ச்மேன் ஏப்பம் விட்டபடி வெளியே வந்தார்.

"நீக்கிட்டாங்களா?"

"ஒருமனதா நீக்கிட்டாங்க சார். அப்புறம் ஒருமனதா திரும்பவும் உங்களையே போட்டுட்டாங்க. வருஷா வருஷம் இதே நாள்ல உங்களை நீக்க எல்லாரும் கூடணுமாம்!"