எட்டுப் பாக்கியங்களும் என் இஸ்திரி மேசையும்

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, அவர் கிருபையால் தையல் மெஷினும் மூட்டுவலியும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் உன் அண்ணன் எழுதிக்கொள்வது. அங்கும் எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

மூன்று வருடம் பேசாதவன் எதற்கு எழுதுகிறான் என்று முகத்தைச் சுளிக்காதே. போன ஞாயிறு நம் போதகர், மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன எட்டுப் பாக்கியங்களைப் படித்தால் போதாது, ஒரு வாரமாவது வாழ்ந்து பாருங்கள் என்றார். எனக்கென்ன கஷ்டம்? எட்டையும் தாளில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொன்றும் முடிந்ததும், துணிக்குப் போடும் சாக்பீஸால் ஒரு கோடு. முதலாவது, ஆவியில் எளிமை. அது என்னிடம் ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் உடனே கோடு போட்டுவிட்டேன். நீதியின்மேல் பசிதாகம், இருதய சுத்தம், இரண்டுக்கும் அப்படியே.

திங்கட்கிழமை சாந்தகுணம். கால்சட்டை குட்டையாகிவிட்டதென்று வங்கிக்காரர் வந்து குதித்தார். நான் வாய் திறக்காமல் புன்னகையோடு நின்றேன். "என்னய்யா, நக்கலா?" என்று அதை என் மேலேயே வீசிவிட்டுப் போனார். சாந்தம் சாந்தம்தானே, கோடு போட்டேன். செவ்வாய் சமாதானம். பக்கத்துக் கடை சலவைக்காரரும் எதிர்க்கடை பூட்டு ரிப்பேர்காரரும் ஆறு மாதமாக முகம் பார்ப்பதில்லை. நடுவில் போய் உட்கார்ந்து, இருவர் குற்றத்தையும் ஒளிவுமறைவில்லாமல் எடுத்துச் சொன்னேன். இப்போது இருவரும் ஒரே பெஞ்சில் டீ குடித்தபடி என்னைத் திட்டுகிறார்கள். சமாதானம் ஆயிற்றா இல்லையா? புதன்கிழமை துயரப்பட வேண்டும், எனக்கோ ஒரு துயரமும் இல்லை. அன்றைக்கென்று பார்த்து நம் பழைய வாடிக்கையாளர், தலைமையாசிரியர், காலமாகிவிட்டார். போனால், நான் தைத்த கோட்டோடு பெட்டிக்குள் படுத்திருக்கிறார், இடது கையில் கோணல்மாணலாக ஒரு மடிப்பு! எல்லாம் என் இஸ்திரி மேசை மெத்தைக்குள் இருக்கும் மேடு செய்கிற வேலை. "அதைப் பிரிச்சுப் பாருங்கன்னு மூணு வருஷமா கத்துறேன்" என்பாள் உன் அண்ணி. இனி அந்த மடிப்பை யார் எடுப்பது? தேம்பித் தேம்பி அழுதேன். "அப்பா மேல இவ்வளவு பாசமாண்ணே!" என்று அவர் மகனும் கட்டிப்பிடித்து அழுதார்.

அடுத்தது இரக்கம். அதற்குத்தான் இந்தக் கடிதம். அப்பா கண்ணை மூடிய கையோடு அவருடைய பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாய். "நான் தொடவே இல்லண்ணே" என்று சாதித்தாய். தெருவே கேட்க உன்னைத் திருடன் என்றேன். அன்றிலிருந்து நீ என் வாசல் மிதிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை உன் மகளுக்குக் கல்யாணமாம், சலவைக்காரர் திட்டுக்கு நடுவே சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் கல்யாண உடுப்பை வேறு எவனோ தைக்கிறான் என்று கேட்டதும் சோறு இறங்கவில்லையடா. ஆகவே தம்பி, உன்னை முழுமனதாக மன்னித்தேன். கத்தரிக்கோலை நீயே வைத்துக்கொள். பத்திரிகை ஒன்று மட்டும் அனுப்பு. இதைப் படித்துக் காட்டியதற்கு, "மன்னிக்கிற மூஞ்சியப் பாரு" என்றாள் உன் அண்ணி. ஆக, எட்டாவதான துன்பப்படுத்தப்படுகிறவர்களுக்கும் கோடு போட்டாயிற்று.

கர்த்தர் உன் வீட்டாரை ஆசீர்வதித்துக் காப்பாராக. பிள்ளைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
இரக்கமுள்ள அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டுமுன், தலைமையாசிரியர் கோட்டு மடிப்பு மனசை அறுக்கவே, இஸ்திரி மேசை மெத்தையைப் பிரித்தேன். உள்ளே அப்பாவின் கத்தரிக்கோல். அந்த வருடம் மெத்தைக்குப் புது உறை போட்டபோது அதையும் சேர்த்து உள்ளே வைத்துத் தைத்தவன் நானேதான். உன் அண்ணி ஈரத்துணியை எடுத்து என் கையில் கொடுத்தாள். போட்ட கோடுகளையெல்லாம் அழித்துவிட்டேன். மேலே மன்னித்தேன் என்று இருக்கிற இடத்தில் மன்னித்துவிடு என்று வாசித்துக்கொள். பத்திரிகை அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை நானே கத்தரிக்கோலோடு உன் வாசலுக்கு வருகிறேன். திருடன் என்று சொன்ன அதே சத்தத்தில், தப்பு என்னுடையது என்று உன் தெருவே கேட்கச் சொல்கிறேன். அதற்கப்புறம் நீ கூப்பிட்டால் உள்ளே வருகிறேன்.