பிளேன்டீ சம்பளத்துக்கு ஒரு முனி

இந்தத் தீவிலேயே கடவுளைச் சம்பளத்துக்கு வேலைக்கு வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பர்மிட்டு அண்ணன்தான். நாள் சம்பளம் ஒரு பிளேன்டீ, பால் ஊற்றாத வெறும் தேத்தண்ணி. வேலை, அண்ணனுடைய டீக்கடையைக் கொம்பனிக்காரர்கள் பிடுங்கிப் போடாமல் பார்த்துக்கொள்வது. லீவு கிடையாது, போனஸ் கிடையாது, சங்கமும் கிடையாது. சிரிக்காதீர்கள். மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நிஜமாகவே நடந்த கதை இது. அந்த வேலைக்காரச் சாமிக்கு இன்றைக்குக் கோபுரம் இருக்கிறது, இரும்புக் கேட் இருக்கிறது. வேலைக்கு வைத்த மனிதருக்குத்தான் ஒன்றும் இல்லை.

அடையாள அட்டையில் அவருக்கு வேறு நல்ல பெயர் இருந்தது. அதைக் கூப்பிட ஆள்தான் இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்துக் காம்பராவில், அதாவது கொம்பனி கட்டிய வரிசை வீட்டு அறையில், ஒரு ஜன்னல் வைக்க ஆபிஸில் கேட்க வேண்டும். கோழிக்கூட்டுக்குக் கேட்க வேண்டும். வாசலில் வாழை வைத்தால் கண்டாக்கையா, அதாவது மலையில் எங்களை மேய்க்கிற உத்தியோகத்தர், வந்து முறைப்பார். நாங்களெல்லாம் கேட்காமல் செய்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்வோம். அண்ணன் ஒருவர்தான் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பர்மிட் கேட்பார். கேட்ட அனுமதி ஒன்றுகூட வந்ததில்லை. ஆபிஸ் வாசலில் பிளாஸ்டிக் ஃபைலோடு அவர் நின்றால் கிளாக்கர் பின்கதவால் போய்விடுவார்.

மனுக்களை எழுதிக் கொடுத்தது நான். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வேலை இல்லாமல் லயத்தைச் சுற்றிக்கொண்டிருந்த காலம். ஒருமுறை கூரைத் தகரம் ஓட்டையாகி வீடெல்லாம் ஒழுகியது. அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

“எழுது தம்பி. எங்க காம்பராவுக்குள்ள மழை வர்றதுக்கு ஆபிஸ்ல பர்மிட்டு குடுத்திருக்கீங்களா? குடுத்திருந்தா நகல் ஒண்ணு அனுப்பி வைக்கவும்.”

“அண்ணே, கோவிச்சுக்குவாங்க.”

“கோவிக்கட்டும்டா. கோவிக்கவாச்சும் கடதாசியப் படிக்கணும்ல?”

அதற்கும் பதில் வரவில்லை.

தேயிலைக்கு மருந்தடிக்கிற டாங்கியைச் சுமந்து சுமந்து அண்ணனின் இடுப்பு போயிற்று. கொழுந்து எடுக்கிற பெண்கள் காலையில் போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணி பத்து மணிக்கெல்லாம் பச்சைத் தண்ணீராகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பத்தாம் நம்பர் மலைக்குக் கீழே, ரோட்டு வளைகிற முடக்கில் நிற்கிற டர்பன்டைன் மரத்தடியில் நாலு கம்பு நட்டு, ரெண்டு தகரம் போட்டு, சுடச்சுட பிளேன்டீ விற்றால் போதும், விடிகாலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து நிற்க வேண்டாம் என்று கணக்குப் போட்டார். ஐம்பது வயதில் அவர் கேட்டது இவ்வளவுதான்.

மூன்று முறை நட்டார். மூன்று முறையும் கண்டாக்கையா ஆள் வைத்துப் பிடுங்கினார். “கொம்பனிக் காணி” என்ற ஒரே பதில். எங்கள் பாட்டன், பூட்டன் எல்லோரும் உரமாகிப் போன மண்தான் அது. அவர்களைப் புதைக்க மட்டும் ஒருவரும் பர்மிட் கேட்கவில்லை.

மூன்றாவது முறை பிடுங்கிய அன்று அண்ணன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். திரும்பிப் போன கண்டாக்கையா, வழியில் கவ்வாத்துச் சாமிக் கல்லைக் கண்டதும் சப்பாத்தைக் கழற்றினார். தேயிலையை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் காலத்தில் கத்தியை வைத்துக் கும்பிடுகிற வெறுங்கல் அது. அந்தக் கல்லுக்காக வெள்ளைக்காரத் துரை ரோட்டையே வளைத்துப் போட்டிருக்கிறான். அண்ணன் ஓட்டமாக என்னிடம் வந்தார்.

“தம்பி, இத்தன வருசமா ராங்கா கேட்டுட்டோம்டா. மனுசனுக்குக் கேட்டா ஓரடி குடுக்க மாட்டாய்ங்க. சாமின்னா கேக்கவே வேணாம்!”

மறுநாள் காலையில் டர்பன்டைன் மரத்தடியில் ஒரு கல் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தது. முன்னால் சூலம். மூன்று பழைய கவ்வாத்துக் கத்திகளைக் கம்பியால் கட்டிய சூலம். பக்கத்திலேயே நாலு கம்பு, ரெண்டு தகரம், கொதிக்கிற கேத்தல். கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“என்ன பர்மிட்டு இது?”

“டர்பன்டைன் முனிங்கய்யா. ராத்திரி கனவுல வந்தாரு.”

“சாமி சரி. இந்தக் கட என்னத்துக்கு?”

“கடையா? யாரு சொன்னா? இது முனிக்கு டீ ஊத்துற எடமுங்க. மிச்சத்த சனம் குடிக்குது. சும்மா குடிச்சா பாவமுன்னு காச வச்சிட்டுப் போறாங்க. நான் என்னத்தங்கய்யா பண்றது?”

கண்டாக்கையா கல்லைப் பார்த்தார், கத்திகளைப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அன்றைக்கு முதல் காசு வைத்ததும் அவர்தான்.

தினமும் முதல் கிளாஸ் முனிக்கு. “இந்தாப்பா ஒஞ் சம்பளம்” என்று அண்ணன் கல்லின் முன்னால் வைப்பார். மழை பிடித்து வியாபாரம் படுத்தால் கல்லுக்கு ஏச்சுத்தான். தோட்டத்தில் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர் போடுவார்கள், பாதிச் சம்பளம் என்று அர்த்தம். அண்ணனும் அதே சட்டத்தை வைத்திருந்தார். “இன்னைக்கி வேல சரியில்ல, ஒனக்கு அரப் பேருதான்” என்று அரைக் கிளாஸ் வைத்துவிட்டு, சீனியைக் கடித்துக்கொண்டு தன் கிளாஸைக் குடிப்பார்.

“அண்ணே, நெசமாவே நீங்க சாமிய நம்புறீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “நம்பாத ஆள எவனாச்சும் காவலுக்கு வைப்பானாடா?”

அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் பெரட்டு மணி அடிக்கும். அண்ணன் காம்பராவில் படுத்தபடி, “அடி ராசா, நல்லா அடி. எனக்கில்ல!” என்று சத்தம் போடுவார். பிறகுதான் எழுந்து கேத்தலைத் தூக்குவார். அந்த ஒரு சத்தத்துக்காக லயமே அவர்மேல் பொறாமைப்பட்டது. நானும் பட்டேன்.

அவருக்கு வினையாக வந்தது குளவி. பத்தாம் நம்பர் மலையில் ஒருநாள் குளவிக்கூடு கலைந்து பெண்களைத் துரத்தியது. கூடையைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடிவந்தவர்களில் ஒருத்திக்கும் கொட்டு இல்லை. மற்றப் பக்கம் ஓடிய ஏழு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. காரணம் அண்ணனின் ஈர விறகுப் புகை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மறுநாள் நூறு பேர் தேங்காயோடு வந்து நின்றார்கள்.

“பொகைன்னு சொல்லிப்புடலாமாண்ணே?”

“பொகையும் அவன் குடுத்ததுதானடா. கெளாசக் கழுவு.”

முனி பெரிய ஆளாகிவிட்டார். வெளிநாட்டு வேலை வேண்டியும், பரீட்சை வேண்டியும் வலப்பனையிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். அண்ணனின் சம்சாரம் செல்லம்மா அக்கா ரொட்டி தட்டித் தட்டிக் கை வீங்கினார். சனம் கூடினால் கமிட்டி கூடாமல் இருக்குமா? எங்கள் தோட்டத்துத் தலைவர், சங்கத்துக்காரர், கோயில் கமிட்டிக்கும் தலைவரானார். எழுதத் தெரிந்தவன் என்று என்னைச் செயலாளராக்கினார்கள். முனியைக் கண்டுபிடித்தவருக்குக் கமிட்டியில் பொறுப்பு, கூட்டத்துக்கு டீ ஊற்றுவது.

கோயில் கட்டக் காணி வேண்டும் என்று துரைக்கு மனு எழுதத் தீர்மானித்தோம். அன்று மாலை அண்ணன் என் காம்பராவுக்கு வந்தார். வழக்கமாக அதட்டுகிறவர், அன்றைக்கு வாசலிலேயே நின்றார்.

“தம்பி, ஒரே ஒரு வரி போட்டுருடா. அப்படியே அந்த டீக்கடையும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்னு. ஒரு வரி.”

போட்டேன். நிஜமாகவே போட்டேன். தலைவர் படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை என் கையில் கொடுத்தார். “இத வெட்டிருங்க தம்பி. கட கிடன்னு எழுதுனா காணி வராது. ஒங்க டீச்சர் வேலைக்கும் நான் ஒருத்தர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், தெரியும்ல?” தெரியும். வெட்டினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. வேலையும் கிடைத்தது, இன்று நான் மஸ்கெலியாவில் பிள்ளைகளுக்கு நேர்மை பற்றிப் பாடம் நடத்துகிறேன். தூ!

பதில் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. அண்ணனின் ஃபைல் காணாத வேகம். முனிக்குப் பத்துப் பேர்ச் காணி, ஒரு வீடு கட்டுகிற அளவு. கடிதத்தை அண்ணன்தான் முதலில் வாங்கினார், ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “பர்மிட்டுடா! நம்ம தோட்டத்துல மொதப் பர்மிட்டு! படி, படி!”

படித்தேன். கடைசி வரியில் குரல் இறங்கிவிட்டது. கோயில் காணியில் எந்த வியாபாரமும் நடத்தக் கூடாது, அங்கே இருக்கிற கொட்டில் அகற்றப்பட வேண்டும்.

“நம்ம வரி?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவரோ அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியாடி செல்லம்மா? வேலக்காரனுக்கு வீடு கெடச்சிருச்சு. மொதலாளி ரோட்டுக்கு வந்துட்டான்.”

பிடுங்க ஆள் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. தன் கையாலேயே தகரத்தை இறக்கினார். கவ்வாத்துக் கத்திச் சூலத்தை எடுத்துவிட்டுப் பித்தளைச் சூலம் வைத்தார்கள். சுற்றி மதில், இரும்புக் கேட், பூட்டு, திறக்கிற நேரம் எழுதிய போர்டு. கும்பாபிஷேகத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் மைக்கில் சுதந்திரமாக வழிபடும் உரிமை பற்றிப் பேசினார்கள். அண்ணன் மதிலுக்கு வெளியே நின்று கேட்டார்.

“சாமிகிட்ட சண்ட புடிக்கலியாண்ணே?” என்று கேட்டேன். என்ன வாய் இது என்று இப்போது தோன்றுகிறது.

“அவன் என்னடா பண்ணுவான்? அவனையும் பூட்டில்ல வச்சிருக்கீங்க.”

அடுத்த மாதம் அண்ணனும் அக்காவும் கொழும்புக்குப் போனார்கள். விடிகாலையில் பை சாமான்களோடு கோயில் வாசலில் நின்றார்கள். கேட் பூட்டியிருந்தது. அண்ணன் ஃபிளாஸ்கைத் திறந்து, கிளாஸ் நிறைய ஊற்றி, கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு உள்ளே வைத்தார். “முழுப் பேருப்பா. இனிமே நீ யாருக்கும் காவல் இல்ல” என்றார். பஸ் வந்தது, ஏறிப் போனார்கள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருடம் திருவிழா அன்று அண்ணனிடமிருந்து போன் வந்தது. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறாராம்.

“என்ன வேலண்ணே?”

“டீதான்டா ஊத்துறேன். அடுத்தவன் டீ.” பிறகு, “தம்பி, அவனுக்கு இப்ப யாரு டீ குடுக்குறா?”

“நான்தாண்ணே. தெனமும்.”

பச்சைப் பொய். ஒருநாள்கூட நான் கொடுத்ததில்லை. அவர் நம்பிவிட்டார். எதையும் நம்பிவிடுகிற மனிதர்.

“சீனியக் கலக்கிப்புடாத. தனியா வையி. கடிச்சுக்கிட்டுக் குடிக்கிற ஆளு.”

கடித்துக்கொண்டு குடிக்கிற ஆள் யார் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையிலிருந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், கேட்டுக்கு வெளியே ஒரு முழுக் கிளாஸ் பிளேன்டீயும் பேப்பரில் மடித்த சீனியும் வைத்துவிட்டுப் போகிறேன். அர்ச்சகர் முறைக்கிறார். மாஸ்டருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும். சாயங்காலம் பஸ் அந்த முடக்கில் திரும்பும்போதெல்லாம், “எறங்குடா தம்பி, டீ ஆறுது” என்று அண்ணன் கூப்பிட மாட்டாரா என்று மரத்தடியை எட்டிப் பார்க்கிறேன்.