ஏழு மெத்தட், ஏழு கனெக்‌ஷன், ஒரு கடைவாய்ப் பல்

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் இவளும் சௌக்கியம். என் கடைவாய்ப் பல்தான் சௌக்கியமில்லை, வலது கன்னம் வீங்கிக் கிடக்கிறது, அதை விடு. அங்கே நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ திட்டி முடிப்பதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும்.

உன் பல் ஆஸ்பத்திரிக்கு முன்பதிவு இணையதளம் வேண்டுமென்றபோது, உன்னோடு சேர்ந்து ஆஸ்பத்திரி நடத்தும் கூட்டு டாக்டர் வெளியாளிடம் கொடுக்கலாம் என்றாராம். நீ, "என் தம்பி இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று அடித்துப் பேசினாயாம். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? புரோகிராமில் ஒரு கிளாஸ், அதாவது ஒரு வீடு மாதிரி, எழுதி அதற்குள் ஏழு மெத்தட், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் ஏழு பேர், வைத்தேன். ஒன்று பெயரைத் தேடும், ஒன்று காலி நேரம் பார்க்கும், ஒன்று பதிவு செய்யும், இப்படி. ஏழும் நோயாளி விவரமெல்லாம் இருக்கும் டேட்டாபேஸோடு பேச ஒரு கனெக்‌ஷன் போதும். மகா புத்திசாலி நான், ஏழிலும் தனித்தனியாகத் திறந்தேன், திறந்ததை மூடவுமில்லை. ஒரே வீட்டு ஆட்கள் ஏழு பேர் ஆளுக்கொரு போனில் உன் ரிசப்ஷனைக் கூப்பிட்டு, பேசி முடித்தும் வைக்காமலிருந்தால் எப்படி? அப்படித்தான்.

வீட்டில் நான் ஒருவனே சோதித்தபோது ஜோராக ஓடியது. திங்கட்கிழமை காலை நாற்பது பல்வலிக்காரர்கள் ஒன்றாக நுழைந்தார்கள், தளம் படுத்துவிட்டது. உன் ரிசப்ஷன் அம்மா போனில், "என்ன தம்பி, பேரை அடிச்சா ஸ்கிரீன் வெள்ளையாவே நிக்குது? ஜனங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு என்னை முறைக்கிறாங்க!" என்றார். நான் உடனே தளத்துக்குக் கம்ப்யூட்டர் இடம் வாடகைக்குக் கொடுத்த சர்வர்காரர் மேல் பழியைப் போட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்ன கதைதான். அவர் பொறுமையாக, "சார், நாற்பது பேருக்கு இருநூத்தி எண்பது கனெக்‌ஷன் திறந்து வச்சிருக்கீங்க. நாங்க குடுக்கறது நூறு" என்றார். மானம் போச்சு அக்கா. மாசக் கடைசியில் வேலையை வெளியாளுக்கு மாத்தறதா வேண்டாமான்னு கூட்டு டாக்டர் முடிவு பண்ணப் போறார்னு கேட்டதும் எனக்குச் சோறு இறங்கலை.

புதன்கிழமை உட்கார்ந்து மாத்தினேன். கன்ஸ்ட்ரக்டரில், அதாவது கிளாஸ் பிறக்கும்போதே, ஒரே ஒரு கனெக்‌ஷன். ஏழு மெத்தடும் அதையே பகிர்ந்துக்கணும். ஓட்டினா முதல் மெத்தட் மட்டும் வேலை செய்யுது, மத்த ஆறும் செத்துக் கிடக்குது. செவ்வாய்க்கிழமை பதற்றத்தில் முதல் மெத்தடின் கடைசியில் 'மூடு'ன்னு ஒரு வரி போட்டதை மறந்தே போயிட்டேன். இவள் எட்டிப் பார்த்து, "கடைசி ஆள் சாத்த வேண்டிய கதவை முதல் ஆளே சாத்திட்டா மத்தவங்க எப்படிங்க போவாங்க?" என்றாள். இவளுக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை. வரியை எடுத்தேன், ஏழும் ஓடுது. அதுக்கப்புறம் மூணு நாளா ஒரு புகார்கூட வரலை! கூட்டு டாக்டர்கிட்ட தலை நிமிர்ந்து சொல்லு, "என் தம்பி சரிபண்ணிட்டான்"னு.

அத்தானுக்கு என் வணக்கம். இவள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். உன் கைபட்ட பல்லெல்லாம் நூறு வருஷம் ஆடாமல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் நம்பிக்கையைக் காப்பாற்றிய தம்பி

பி.கு.: உறையை ஒட்டுமுன், பாராட்டு வாங்கலாமென்று ரிசப்ஷன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "புகாரா? திங்கக்கிழமையிலேருந்து நாங்க நோட்டுலதானே எழுதறோம் தம்பி. அந்தப் பக்கமே யாரும் போகலை" என்றார். பதறிப் போய்ப் பார்த்தால், திருத்திய ஃபைல் என் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, சர்வரில் ஏற்றவே இல்லை. இப்போது ஏற்றிவிட்டேன், சத்தியமாக. ஆனாலும் கூட்டு டாக்டரிடம் அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிடாதே. அப்புறம் அக்கா, பல்வலி தாங்கலை. என் பேரையும் அந்த நோட்டுலயே எழுதச் சொல்லு.